கோணல் தொப்பி நாளில் கோபப்பட்ட இலைக்கோழி

வட்டக்குளத்து இலைக்கோழி நெடுவிரலன் அன்று விடிந்ததிலிருந்தே எரிச்சலில் இருந்தான். கரையில் நடந்துகொண்டிருந்த தொப்பிக் கூத்துதான் காரணம்.

நெடுவிரலனின் கால்விரல்கள் ஒவ்வொன்றும் குச்சி மாதிரி நீளம். அதனால் தாமரை இலைமேல் முங்காமல் நடந்துவிடுவான். அவனுக்கு வீடும் இலைதான், கட்டிலும் இலைதான். குளத்தின் கிழக்கு மூலையில் இருந்த அகலமான இலை ஒன்றின்மேல், கொஞ்சம் பாசியைப் பரப்பி, நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தான். துலக்கி வைத்த செம்புப் பாத்திரம்போல் மின்னும் முட்டைகள். பெட்டை முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த குளத்துக்குப் போய்விட்டாள். இலைக்கோழிகளின் வழக்கம் அது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பன் பாடு.

இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் அந்தக் காட்டில் இல்லை. ஆம்பளை அடைகாக்கிறானாம் என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி பேசுவார்கள். நெடுவிரலன் காதில் வாங்கமாட்டான். இரண்டு நாளாக முட்டைகளுக்குள் அசைவு தெரிந்தது. அடிவயிற்றில் அந்த அசைவு படும்போது ஊர்க் கேலி யாருக்கு வேண்டும்?

அன்றைக்குக் கோணல் தொப்பி நாள். அந்தக் காட்டின் ஒரே திருவிழா. முன்னொரு பஞ்சத்தில் எல்லாரும் முகம் சுண்டிக் கிடந்தபோது, ஒரு கரடி தேன் இருக்கிறதென்று சுரைக்குடுக்கைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டதாம். காடே பசியை மறந்து சிரித்ததாம். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருநாள், கண்டதையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லாரும் குளக்கரையில் கூடிவிடுவார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத விழாவாகத்தான் அது தொடங்கியது.

பிறகு சட்டங்கள் வந்தன. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். ஆடும்போது கை படக் கூடாது. யாரைப் பார்த்துக் காடு அதிகமாகச் சிரிக்கிறதோ, அவர்தான் பொழுது சாயும்வரை ராஜா. ராஜா என்ன சொன்னாலும் மறுபேச்சில்லாமல் கேட்க வேண்டும். கடைசியாக இன்னொரு சட்டம்: அன்று யாரும் கோபப்படக் கூடாது. யாராவது கோபப்பட்டால் மற்றவர்கள் எல்லாரும் கூடி நின்று அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டத்தைப் போட்டவர் யாரென்று தெரியவில்லை. யாராயிருந்தாலும், அவர் வயிற்றில் ஒருநாளும் அடி விழுந்திருக்காது.

போன வருஷம் முள்ளம்பன்றி ஒரு தாமரை இலையைத் தன் முட்களில் குத்திக்கொண்டு வந்து ராஜா ஆகிவிட்டது. எல்லாரும் பின்பக்கமாகவே நடக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டது. அதனால் இந்த வருஷம் காட்டில் எல்லாருக்கும் தாமரை இலைத் தொப்பிதான் வேண்டுமாம். இலை அறுத்துக் கொடுக்கும் வேலையை நீர்நாய் மினுக்கன் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தான். நீந்துவான், காம்பைக் கடிப்பான், இலையைக் கரைக்குத் தள்ளுவான். நாலு பேர் பாராட்டினால் போதும், நாற்பது இலை அறுப்பான். ஆனால் ராஜாவாகும் ஆசை மட்டும் அவனுக்கு ஒரு வருஷமும் பலித்ததில்லை. அந்த ஆத்திரம் உள்ளுக்குள் இருந்தது.

முந்தின நாளே நெடுவிரலன் அவனைக் கூப்பிட்டு, கிழக்கு மூலைக்கு மட்டும் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். மினுக்கன் நெஞ்சில் கை வைத்து, உன் பக்கம் நான் ஏன் மச்சான் வரப்போகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று வெயில் ஏறிய நேரத்தில் நெடுவிரலனுக்குப் பசி தாங்கவில்லை. காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. வெயிலில் முட்டைகள் கொஞ்சநேரம் சூடு ஆறாமல் இருக்கும் என்று கணக்குப் போட்டு, நாணல் பக்கம் போய் நாலு பூச்சியைக் கொத்தி விழுங்கினான். உடனே திரும்பினான்.

மூலையில் இலையைக் காணோம்.

காம்பு மட்டும் தண்ணீருக்குள் நின்றது. கடித்த இடத்திலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது. நெடுவிரலன் அக்கம்பக்கத்துச் சின்ன இலைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தான். தலையை முக்கி அடியில் பார்த்தான். முட்டைகள் மூழ்கிவிட்டனவோ என்று மறுபடியும் முக்கிப் பார்த்தான்.

அப்போது கரையில் காடே இடிந்து விழுவதுபோல் ஒரு சிரிப்பு எழுந்தது. அவன் திரும்பிப் பார்த்தான்.

நீர்நாய் மினுக்கன் பின்னங்கால்களில் நின்றுகொண்டிருந்தான். அவன் தலைமேல் அந்த அகலமான இலை. அதன் விளிம்பை இரண்டு கைகளாலும் கிண்ணம்போல் தூக்கிப் பிடித்திருந்தான். உள்ளே, பாசி மெத்தைமேல், நான்கு முட்டைகளும் வெயிலில் மின்னின.

"பாருங்கய்யா, நவரத்தினக் கிரீடம்!" என்று மினுக்கன் இடுப்பை நெளித்தான். முயல்கள் உருண்டன. மான்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குஞ்சுகளைக் காலடியில் வைத்துக்கொண்டிருந்த காட்டுக்கோழி செம்பிகூட, தலையில் கவிழ்த்த ஆமணக்கு இலை நழுவ நழுவச் சிரித்தாள்.

நெடுவிரலன் பறந்து போய் நடுவில் விழுந்தான்.

"அது என் முட்டை. கீழ வை" என்றான். குரல் நடுங்கியது. அது பயமல்ல, கோபம்.

யாரோ பின்னாலிருந்து, "கோபப்பட்டுட்டான்டா!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். சட்டம் சட்டம் என்று சொல்லிக்கொண்டே கூட்டம் அவனைச் சுற்றி வளைத்தது. அவன் பேசப் பேசச் சிரித்தார்கள். இறக்கையை அடித்துக்கொண்டு குதித்தபோது, ஆட்டத்தைப் பார் என்று கைதட்டினார்கள். அழுதபோது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தவனைத் திட்டியபோது, மினுக்கன் அதே சொற்களை மூக்கால் பேசிக் காட்டினான். அதற்கும் ஒரு சிரிப்பு. கையும் காலும் கட்டிப்போட்டு அடித்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

விழாத் தலைவர் கரடி மொத்தையன். பாட்டன் காலத்துச் சுரைக்குடுக்கையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பொந்து விழுந்த மரக்கட்டையைத் தட்டித் தாளம் போடுவது அவர் வேலை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் தன் சந்தோஷம் கெடுவது அவருக்குப் பிடிக்காது. நெடுவிரலன் அவர் காலடியில் போய் நின்றான்.

"அண்ணே, அடுத்தது ஆட்டம். ஆடும்போது கை படக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அவன் கையை எடுத்தா இலை கவிழ்ந்துடும். நிறுத்தச் சொல்லுங்க."

மொத்தையன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "விளையாட்டுக்குத்தானேடா தம்பி. இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்க. நாளைக்கு வந்து சொல்லு, நானே நியாயம் கேக்கறேன்."

"நாளைக்கு முட்டை இருக்காதண்ணே."

அதற்கும் கூட்டம் சிரித்தது. மொத்தையனும் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு கட்டையைத் தட்டத் தொடங்கினார்.

மினுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்துக் காடு இப்படிச் சிரித்ததே இல்லை. தாளத்துக்கு ஒரு சுற்று சுற்றினான். ஒரு கையை எடுத்து எல்லாருக்கும் ஆட்டிக் காட்டினான். இலையின் ஓரம் தொய்ந்தது. ஒரு முட்டை மெதுவாக உருண்டு, விளிம்பில் நின்று, கீழே பாறைமேல் விழுந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. காய்ந்த சுள்ளி முறிந்ததுபோல் ஒரு சின்னச் சத்தம்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள். உடைந்த ஓட்டுக்குள் குஞ்சு முழுசாக இருந்தது. கண் கறுப்பாகத் தெரிந்தது. ஒருமுறை துடித்தது. பிறகு அசையவில்லை.

செம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. தன் குஞ்சுகளைச் சட்டென்று இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். பின்வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று கூவினார்கள்.

மினுக்கன் கீழே பார்த்தான். ஆட்டத்தை ஒருகணம் நிறுத்தினான். ஆனால் சிரிப்புச் சத்தம் அவனை விடவில்லை. "விளையாட்டுக்குத்தானே மச்சான். இன்னும் மூணு இருக்குல்ல" என்றான்.

இன்னும் மூன்று இருக்கிறதாம்! இதைக் கேட்டபிறகு நெடுவிரலனுக்கு அழுகை நின்றுவிட்டது. கெஞ்சுவதும் நின்றுவிட்டது. ஒரே எழும்பு எழும்பி, நீர்நாயின் தலைமேல், இலைக்குள் போய் உட்கார்ந்தான். மூன்று முட்டைகளையும் இறக்கைக்குள் அள்ளி நெஞ்சோடு இடுக்கிக்கொண்டான். நீண்ட விரல்கள் இலையின் இரண்டு பக்கமும் கீழே இறங்கி, மினுக்கனின் காதுகளைச் சுற்றி வளைத்துப் பிடித்தன. நகங்கள் பதிந்தன. மினுக்கன் கத்திக்கொண்டே இரண்டு கைகளாலும் இலையைப் பிடித்தான்.

நீர்நாயின் தலையில் இலை, இலையில் சிலிர்த்துக்கொண்டு ஒரு பறவை. அப்படியொரு தொப்பியை யாரும் பார்த்ததில்லை. பின்வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காட்டுப்பன்றி புரண்டு குளத்திலேயே விழுந்தது. மொத்தையனுக்குத் தாளம் தப்பிவிட்டது.

மினுக்கன் வலியிலும் பல்லைக் காட்டினான். "அண்ணே, இதுக்குமேல யாரும் சிரிக்க வைக்க முடியாது. நான்தான் ராஜா, சொல்லுங்க."

மொத்தையன் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து நெடுவிரலனின் குரல் கேட்டது. இப்போது அதில் நடுக்கமே இல்லை.

"சட்டப்படி கேக்கறேன். இன்னிக்குக் காடு யாரைப் பாத்து அதிகமாச் சிரிச்சுது?"

மொத்தையன் தலையைச் சொறிந்தார். குடுக்கை குறுக்கே வந்தது.

"நான் வந்து கத்தினப்ப சிரிச்சீங்க. குதிச்சப்ப சிரிச்சீங்க. அழுதப்பவும் சிரிச்சீங்க. இப்ப இவன் தலையில உக்காந்ததுக்கும் சிரிச்சீங்க. ஒவ்வொருத்தரா நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. யாரைப் பாத்து?"

கூட்டத்தில் சலசலப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் செம்பிதான் முன்னால் வந்தாள். தலையிலிருந்த ஆமணக்கு இலையை எடுத்துக் கீழே போட்டாள். "உன்னைப் பாத்துத்தான். நானும்தான் சிரிச்சேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சட்டம் சட்டம் என்று கத்தியவர்களின் சட்டமே அவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. மொத்தையன் வேறு வழியில்லாமல் கட்டையை மூன்றுமுறை தட்டினார். அந்த வருஷத்து ராஜா இலைக்கோழி நெடுவிரலன் என்று அறிவித்தார்.

"அப்படின்னா என் முதல் உத்தரவு. சிரிப்பை நிறுத்துங்க."

நின்றது. குளத்துத் தண்ணீர் கரையில் மோதும் சத்தம் கேட்டது.

"முன்னாடி வாங்க எல்லாரும். இந்தப் பாறைமேல என்ன கிடக்குன்னு பாருங்க."

பின்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் கை தானாகத் தலைக்குப் போனது. இலைகளையும் கொத்துகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கரடி மொத்தையன் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த உத்தரவு மினுக்கனுக்கு. தலை ஆடாமல், கை இறங்காமல், கிழக்கு மூலைவரை நடக்க வேண்டும். மினுக்கன் சிணுங்கினான். கை கடுக்கிறதாம். ராஜா வேடிக்கையான உத்தரவுதான் போட வேண்டுமாம். இதெல்லாம் விளையாட்டு விழாவாம்.

நெடுவிரலன் விரல்களைக் கொஞ்சம் இறுக்கினான்.

"விளையாட்டுக்குத்தானே மச்சான். நட."

மினுக்கன் நடந்தான். பின்னங்காலால் நடந்து பழகாதவன், கரை முழுக்கத் தள்ளாடி நடந்தான். ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான். கூட்டம் பின்னாலேயே போனது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று ஒரு அணில்கூடக் கீச்சிடவில்லை. குளத்துக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில், காலால் மட்டும் நீந்தி, அவன் மூலைக்கு வந்து சேர்ந்தான்.

இலையைத் தண்ணீரில் வைத்தார்கள். அது மிதக்கவில்லை. காம்பு அறுந்த இலை, ஓரம் கிழிந்த இலை. நெடுவிரலன் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பக்கம் முங்கியது. மற்ற அகலமான இலைகள் எல்லாம் தொப்பிக்காக அறுபட்டுப் போயிருந்தன. மாறிப்போக அக்கம்பக்கத்தில் ஒரு நல்ல இலை இல்லை.

நெடுவிரலன் கரையைப் பார்த்தான். "கடைசி உத்தரவு. எல்லாரும் தொப்பியைக் குடுங்க."

ஒருவரும் மறுக்கவில்லை. மான் தன் இலைத் தொப்பியைக் கொடுத்தது. முள்ளம்பன்றி முட்களிலிருந்து இலையைப் பிய்த்துக் கொடுத்தது. கோரைப்புல் தொப்பி, வாழைமட்டைத் தொப்பி, கொடித் தொப்பி எல்லாம் வந்தன. மினுக்கன் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். அப்போதும் நடுப்பகுதி தொய்ந்தது. அடியில் மிதக்கிற பொருள் ஏதாவது வேண்டும்.

மொத்தையன் தன் சுரைக்குடுக்கையைக் கழற்றினார். பாட்டன் போட்டது, அப்பன் போட்டது. மழையில்கூட அதை நனையவிடமாட்டார். அதை மினுக்கன் கையில் கொடுத்து, "அடியில வை" என்றார். குடுக்கை மிதந்தது. அதன்மேல் தொப்பிகள், அதன்மேல் இலை, அதன்மேல் நெடுவிரலனும் மூன்று முட்டைகளும்.

"நாளைக்கு நியாயம் கேக்கறேன்னு சொன்னேன். தப்புடா தம்பி" என்றார் மொத்தையன்.

பரவாயில்லை என்று சொல்ல நெடுவிரலனுக்கு வாய் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

குஞ்சு பொரிக்கும்வரை மினுக்கன்தான் காவல். தெப்பம் விலகினால் தள்ளி வைப்பான், பாம்பு வந்தால் விரட்டுவான், தன்னை ஒருவரும் பாராட்டவில்லையென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். நெடுவிரலன் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் காலை ஓடுகள் விரிந்தன. மூன்று குஞ்சுகளும், உடம்பைவிட நீளமான விரல்களோடு, கரடியின் தெப்பத்தில் தத்தித் தத்தி ஓடின.

அடுத்த வருஷமும் கோணல் தொப்பி நாள் வந்தது. தாமரை இலைப் பக்கம் யாரும் போகவில்லை. மொத்தையன் வெறுந்தலையோடு கட்டைக்கு முன்னால் நின்றார். தட்டுவதற்கு முன் புதுச் சட்டத்தைச் சொன்னார்: யாராவது கோபப்பட்டால், சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்க வேண்டும். சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"இப்ப யாருக்காவது கோபம் இருக்கா?"

பாறைப் பக்கத்திலிருந்து நெடுவிரலன் இறக்கையைத் தூக்கினான். பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர்.

"எனக்கு இருக்கு. இங்க என் பிள்ளைங்க நாலு பேர் நின்னிருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. மினுக்கன் தன் தலையிலிருந்த பூசணிப்பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். கொஞ்சநேரம் எல்லாரும் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். நெடுவிரலன் இறக்கையை இறக்கிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்த பிறகுதான் மொத்தையன் கட்டையைத் தட்டினார்.

ஒருவரை அழவைத்து மற்றவர் சிரிப்பது விளையாட்டு ஆகாது. அதைக் கண்டு கோபப்படுகிறவர் விளையாட்டைக் கெடுக்கிறவரும் ஆகமாட்டார்.